தொலைநோக்கிக் கண்ணாடியைத் துடைத்தது யார்?

21-10-1988, வெள்ளி

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று வானாய்வு நிலையத்தைத் திறந்தேன். பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியை யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள். வட்ட வட்டமாகக் கீறல். தூசி படிந்தாலும் அதைத் துடைக்கவே கூடாது. பூஜையன்று குழலுக்கு மட்டும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு நான்தான் பூட்டினேன். சரியாகப் பூட்டினேனா? பொறுப்பாளன் நான்; பழி எனக்குத்தான் வரும், வேலையும் போகலாம்.

காவலாளி அந்தோணியிடம், உள்ளே யார் வந்தது என்று மட்டும் கேட்டேன். "எனுக்கு இன்னா சார் தெரியும்? சாவி உங்க கைலயும் அந்த காலேஜ் புரொபசர் கைலயும்தான கீது" என்று சிரித்தான்.

மாலையில் அந்தப் பேராசிரியர் தானாகவே வந்தார். வேலப்பன்சாவடிக் கல்லூரிக்காரர், தொலைநோக்கியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. "பூஜைக்குக் கண்ணாடியத் துடைச்சிட்டீங்களா சார்? கீறல் விழுந்துடுச்சாமே!" என்றார்.

கீறலைப் பற்றி நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.