குமுளிக்குப் பழைய வண்டியும் புதிய வண்டியும்

நவம்பர் 15, சனி. இரவு.

புதிய மாடலையே வாங்கலாம் என்று காலையில் அருளிடம் நான் சொன்ன காரணங்கள்:

1. பேட்டரி பெரிது. மலை ஏறி முடிக்கும்வரை பெட்ரோல் எஞ்சின் தேவைப்படாது.
2. திரை பெரிது. கண்ணாடி போடாமலே படிக்கலாம்.
3. எஞ்சின் சத்தம் இல்லாததால் ஸ்டெல்லாவுக்கு வாந்தி வராது.

மூன்றாவதுதான் முக்கியம். ஆபரேஷன் முடிந்து குமுளியில் படுத்திருப்பவர் என் மனைவி ஸ்டெல்லாவின் அக்கா. போன வாரம் மகன் அருள், பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் இதே பிளக்-இன் ஹைபிரிட் காரின் பழைய மாடலை ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தான். மலைச்சாலையில் பேட்டரி தீர்ந்து எஞ்சின் உறுமியது. அடுத்த வளைவிலேயே ஸ்டெல்லா வாந்தி எடுத்தாள். அக்காவைப் பார்க்காமலே திரும்பினோம்.

இன்று முகப்பு மாற்றிய புதிய மாடல். மடியில் பிளாஸ்டிக் பையோடு முன்னால் உட்கார்ந்து, திரையில் பேட்டரி குறைவதையே பயத்தோடு பார்த்துக்கொண்டு வந்தேன். குமுளி வந்துவிட்டது. அக்காவும் தங்கையும் அழுதார்கள், சிரித்தார்கள், மீன்குழம்பு சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது, "சத்தமில்லாத வண்டி, பாத்தியா?" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"வண்டியில என்ன இருக்கு? போன வாரம் வளைவுக்கு வளைவு 'வருதா, வருதா'ன்னு கேட்டீக. கேட்டுக் கேட்டே வந்துருச்சு. இன்னைக்கு அந்த டிவியப் பாத்துக்கிட்டு வாய மூடிட்டு வந்தீக."

அருள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மூன்றாவது காரணம் தவறு. ஆனாலும் புதியதே இருக்கட்டும். இரண்டாவது காரணம் ஒன்றே போதும்.