சேதுவும் தூண்டில் முள்ளும்

9 பிப்., 97. ஞாயிறு
பனி. மஃப்ளரை மீறிக் காது வலி. காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் தம்பி சேதுவோடு அடையாறு உடைந்த பாலம். அவன் பெண்டாட்டி தவறிப்போய் ஆறு மாசம். நம்மாத்துக்கு வந்து நாலு. மெடிக்கல் லீவு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனாக வாய் திறந்து கேட்டது ஒன்றுதான், தூண்டில். வாங்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரி கமலா கண்டிஷன்: "ஒரு மீன்கூட நம்மாத்துக்குள்ள வரப்படாது. ஒண்ணும் சாகவும் படாது." இரைக்குச் சப்பாத்தி மாவு மட்டும் அவளே பிசைந்து கொடுத்தாள்.

இரண்டு ஜிலேபி மீன். சேது மீனைத் தொடவில்லை, அதனால் முள் எடுப்பது என் வேலை. துண்டால் இறுக்கிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். ஒன்று போய்விட்டது. இன்னொன்று கொஞ்ச நேரத்தில் வயிறு மேலாக மிதந்து வந்தது. சேது பார்த்துக்கொண்டே நின்றான். தூண்டிலைச் சுருட்டிவிட்டான்.

11, செவ்வாய்
ஆபீஸில் தூங்கி வழிந்தேன். காஸ் இன்னும் வரவில்லை. சேது இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காபி குடிக்கும்போது திடீரென்று, "அவ வாயிலயும் டியூப் இருந்துதே அண்ணா." அவளைப் பற்றி இப்போதுதான் முதல் தடவையாகப் பேசுகிறான். டம்ளரை எடுத்துப்போய்க் கழுவினேன்.

13, வியாழன்
நான் மட்டும் பாலத்துக்கு. அங்கே நண்டு பிடிக்கும் தனத்திடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சிரித்தாள். "அன்னிக்குப் பாத்துக்கினுதான் இருந்தேன். அப்டிப் பிச்சா மீனு எப்டி சார் பொயைக்கும்?" சொன்னதில் ஞாபகம் இருப்பது:
- கையை நனைக்கணும். துண்டு கூடாது, மேல் வழவழப்பு போய்விடும்.
- தண்ணீரைவிட்டுத் தூக்காமல், முள்ளைக் குத்தின வழியே பின்னால் தள்ளி எடுக்கணும்.
- முள் நுனியில் பின்னால் திரும்பின குட்டி முள்ளை முன்னாடியே குறடால் நசுக்கிடணும்.
- முழுங்கிட்டால்? "நோண்டாத சார். வாய்கிட்ட நூல அறுத்துட்டு வுட்டுடு."

குளத்தங்கரை ஹார்ட்வேர் கடையில் குறடு. ஆபீஸுக்கு லேட். சூபரின்டெண்ட் முறைப்பு. முதுகுவலி.

16, ஞாயிறு
வரமாட்டேன் என்றான். கமலா, "மாவு பிசைஞ்சாச்சு சேது. போயிட்டு வந்துடு." கிளம்பினான். தனம் சொன்னதையெல்லாம் வழியில் அவனிடம் சொன்னேன்.

இரண்டு மீன் சுலபமாக விடுபட்டன. மூன்றாவது முழுங்கியிருந்தது. முள் கண்ணிலேயே படவில்லை. பழக்கதோஷம், குறடை உள்ளே விடப் போனேன். சேது என் மணிக்கட்டைப் பிடித்தான். "வேண்டாம். நூலை வெட்டிடு." வெட்டினேன். மீனை அவன் வாங்கிக்கொண்டான். முட்டிவரைக்கும் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம். என் கால் மரத்துவிட்டது. கடைசியில் அதுவே வாலை அடித்துக்கொண்டு போயிற்று.

"பொயைக்குமா?" பக்கத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த தனத்திடம் அவள் பாஷையிலேயே கேட்டான்.

"பாதி பொயைக்கும், பாதி போவும். நீ பண்றத பண்ணிட்டல்ல?"

கரைக்கு வந்து அழுதான். சத்தமாக. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

19, புதன்
கண் விழித்தபோது மணி ஏழு! ஸ்கூட்டர் இல்லை. கமலா: "உங்களை எழுப்ப வேண்டாம்னுட்டுப் போயிட்டான்." வாசலுக்கும் உள்ளுக்கும் நாலு நடை.

ஏழரைக்கு வந்தான். பேன்ட் நனைந்து, சேற்று நாற்றம்.

"எத்தனை?"

"ஒண்ணு. முள்ளை நானே எடுத்துட்டேன்."

ஐந்து இட்லி சாப்பிட்டான். எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.