கைநழுவிய பந்து

அன்புள்ள அப்பாவுக்கு லைல் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? லாஸ் ஏஞ்சலஸில் நான் நலம்.

நான் வசனம் எழுதும் நகைச்சுவைத் தொடரில் இந்த வாரச் சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நம்மூர் பேஸ்பால் அணியின் வெர்ன் டோபின்! இறுதி ஆட்டத்தில் அவர் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டதை வைத்து நீங்கள் வருடக்கணக்காகச் சொல்லும் கேலியையே எழுதிவிட்டேன். காட்சியில் அவர் ஒரு வீட்டில் குழந்தையைத் தூக்க வரும்போது அந்த வீட்டுக்காரம்மா கத்துகிறாள்: "ஐயோ, அந்த ஆளு கையில புள்ளையக் குடுத்துடாதீங்க!"

படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படப்பிடிப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"நல்ல ஜோக்குதான், தம்பி. என் பொண்ணு தன் புள்ளைய மொத தடவையா என்கிட்ட குடுத்தப்போ, பயந்துபோய் தரையில உட்கார்ந்துதான் வாங்கினேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "நன்றி சார்" என்றுதான் வாயில் வந்தது.

அம்மாவிடம் சொல்லி என் பழைய போர்வையை அனுப்புங்கள். நம்மூர்ச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினால் நல்லது, எந்தத் தேதியானாலும் சரி.

ஸ்டுடியோவில் கூப்பிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பு. அது உங்கள் கேலிதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள வேண்டாம், அப்பா.

லைல்