சிவப்பு ரிப்பன் கட்டிய வால்வு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம், சுகமென்று எழுதக் கை வரவில்லை. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை, குழாயைத் திருப்பினால் வெந்நீர் கொட்டுமே.

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து கீழே எங்கள் குளியலறையில் பச்சைத் தண்ணீர் பாய்ந்து வருகிறது, வெந்நீர் மட்டும் நூல் மாதிரி இறங்குகிறது என்று எத்தனை தடவை போனில் புலம்பியிருப்பேன். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற உன் அப்பாவுக்குக் காலையில் கைகாலில் வெந்நீர் ஊற்றி நீவிவிடாவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர் மரக்கட்டைதான், அது உனக்கும் தெரியும். நீயும் விதவிதமாக யோசனை சொன்னாய். குழாய் வாயிலிருக்கும் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடச் சொன்னாய், போட்டோம். மொட்டை மாடி ஹீட்டருக்குள் உப்புப் படிந்திருக்கும் என்றாய், ஆள் வைத்துக் கழுவினோம். கடைசியில், மாடியில அண்ணி பாத்ரூம்ல எப்படி வருதுன்னு பாரும்மா என்றாய். பார்த்தேன், அருவி. அது போதாதா எனக்கு?

பெரியவன் பெண்டாட்டியை நிற்கவைத்துக் கேட்டேன். மாமனார் மரத்துப்போனாலும் பரவாயில்ல, மகாராணி குளியல் குறையக் கூடாதோ என்றேன். நான் ஏன் அத்தை அடைக்கப் போறேன் என்று கண்ணைக் கசக்கினாள். தினமும் மேலேயிருந்து வாளியில் வெந்நீர் பிடித்து இறங்கிவந்து, உன் அப்பாவைத் தன் தோளில் சாய்த்து அவள்தான் குளிப்பாட்டினாள், அதையும் நடிப்பு என்றேன். குழாய்க்காரர் வந்து, மாடியில பூட்டியிருக்கிற ரூமையும் திறங்கம்மா, குழாய் அது வழியாத்தான் இறங்குது என்றார். அவளும், ஆமா அத்தை, சின்னவர் ரூமை ஒருதடவை பாத்துடலாமே என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வரும்போது அப்படியே இருக்கவேண்டும் என்று நான் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற அறை அது. என் பிள்ளை ரூம் மேல உனக்கென்னடி கண்ணு, உன்னைப் பெத்தவங்க வெந்நீரையே பாத்திருக்க மாட்டாங்க, உனக்குத் தனி பாத்ரூம் கேக்குதா என்று அந்த ஆள் எதிரிலேயே கேட்டுவிட்டேன். நாக்குக்கு நரம்பா இருக்கிறது? படியில் நின்ற உன் அண்ணன் காதில் அது விழுந்தது. அவன் வாடகைக்கு வீடு பார்த்துச் சாமானை ஏற்றிவிட்டு, இனிமே மேல தண்ணி செலவாகாதும்மா, எல்லாம் உங்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாடி காலியாயிற்று. வெந்நீர் நூல் நூலாகவே இருந்தது.

அப்புறம்தான், இன்று காலையில், உன் அறையைத் திறந்தேன். குளியலறைச் சுவரில், கீழே இறங்குகிற வெந்நீர்க் குழாயின் வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது, அதன் கழுத்தில் உன் பெட்டிகளில் கட்டுகிற சிவப்பு ரிப்பன். எதையும் மறக்கக் கூடாதென்றால் அதில் ரிப்பன் கட்டுவது பள்ளிக்கூடத்திலிருந்தே உன் வழக்கம். உன் மனைவிக்குப் போன் போட்டேன். அய்யோ அத்தை, குழந்தைக்கு மாடியில வெந்நீர் வேகமா வரணும்னு கீழ் லைனைக் குறைச்சு வச்சாரே, திறக்காமலே வந்துட்டாரா என்று சிரிக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அத்தனை யோசனை சொன்ன உன் மூளைக்கு உன் கை செய்தது மட்டும் நினைவு வரவில்லை, என்னடா படிப்பு அது?

அறைச் சாவியைப் பெரிய மருமகளுக்கே கொடுத்தனுப்பினேன். அத்தை இடுப்புலயே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நான் போய் அவள் வாசலில் நிற்கமாட்டேன், அது மட்டும் என்னால் ஆகாது. நான் பேசியதெல்லாம் நீ மூடிவிட்டுப் போன வால்வு பேசவைத்தது, நீயே அண்ணனுக்குப் போன் செய்து சொல், அண்ணியின் காலில் விழுவதென்றாலும் நீயே விழு.

வால்வைத் திறந்ததும் கீழே வெந்நீர் சீறிக்கொண்டு வந்தது, குளியலறையெல்லாம் புகை. சத்தம் கேட்டு உன் அப்பா கோணிய வாயோடு சிரித்தார். சின்னவன் சொன்னபடி செஞ்சியா, பாத்தியா அவன் மூளைய என்றார். ஆமாம் என்றேன். சரி, பெரியவளைக் கூப்பிடு, குளிக்கலாம் என்றார். அவள் வீட்டைவிட்டுப் போனதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் இன்னும் குளிக்கவில்லை. என் ஒருத்தியால் அவரைத் தூக்க முடியாது. வாளி நிரம்பி வழிகிறது, பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருங்கள், குழந்தைக்கு என் முத்தம். ரிப்பனை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். இனி அதை வால்வில் கட்டாதே, உன் கையில் கட்டிக்கொள்.

உன்னை மட்டும் பிள்ளை என்று நினைத்திருந்த
அம்மா