ஊறுகாய் விற்கும் குரல்

வியாழக்கிழமை

பாப்பு, நீ விளையாட்டாக ஒரு ஆப்பில் பேசிப் பதிந்தாயே, அந்தக் கம்பெனிக்காரர்கள் நீ செத்த பிறகும் உன் குரலை வைத்து ஊறுகாய் விற்கிறார்கள். அதை நிறுத்த வழி கேட்டு இன்று கோலாரில் வக்கீலைப் பார்த்தேன்.

"உங்க பொண்ணு ‘சம்மதம்’னு அழுத்திக்கீதேம்மா. அது கையெழுத்து போட்ட மாதிரி. கோர்ட்டுல செல்லும்."

"இன்னா சார், செத்த பின்னாடியுமா?"

"எப்பவும்னு எழுதிக்கீது. யாரு அதெல்லாம் படிக்கிறாங்க?" என்று சிரித்தார். பிறகு, கேஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

ராபர்ட்சன்பேட்டையில் பஸ் இறங்கினால், மளிகைக்கடை டிவியில் உன் குரல். விளம்பரம் முடியும்வரை நின்று கேட்டேன்.

"ஊறுகா வேணுமாக்கா?" என்றான் கடைக்காரன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நடந்தேன்.

கேஸ் போட்டு நிறுத்திவிட்டால், உன் குரலைக் கேட்க நான் எங்கேடி போவேன்?