மூளைச் சங்கத் தலைவரின் மனைவி

ஷெல்பர்ன், வெர்மான்ட்
1891 மார்ச் 3

அன்புள்ள என் கணவருக்கு,

தியோடோசியா எழுதிக்கொள்வது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயில் பெட்டியில் கணப்பு எரியவில்லை. எனக்கிருந்த கோபத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. அக்கா மெஹிட்டபிளும் அத்தானும் நலம். இங்கே மேப்பிள் சாறு இறக்கும் காலம், மரத்துக்கு மரம் வாளி தொங்குகிறது.

நான் திடீரென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாக நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று ஒன்றும் இல்லை. நீதிபதி கூல்பா இறந்த மறுநாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி லவீனியா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மனுஷன் கண்ணை மூடி ரெண்டு மணி நேரம்கூட ஆகல, டோசியா. உன் வீட்டுக்காரர் அஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்துட்டாரு. சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போடச் சொன்னாங்க. தராசு கொண்டுவர மறந்துட்டாங்களாம், என் சமையலறைத் தராசை எடுத்துட்டுப் போனாங்க. இனிமே அதுல நான் எப்படி மாவு நிறுப்பேன், நீயே சொல்லு."

வீட்டுக்கு வந்து உங்கள் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஆமாம், திறந்தேன். உங்கள் பத்திரமும் அங்கே இருந்தது. இறந்த பிறகு உங்கள் மூளையை எடுத்து, நிறுத்து, சீசாவில் போட்டு வைத்துக்கொள்ளும்படி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒப்படைக்க வேண்டியவர் என்று என் பெயர் வேறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஜன்னல் திரை வாங்கக்கூட என்னைக் கேட்காமல் வாங்கமாட்டீர்கள்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் முழு ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். புதைத்தாலும் முழு ஆளைத்தான் புதைப்பேன். அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன் என்று நீங்கள் எழுதும்வரை டிராய்க்குத் திரும்பமாட்டேன்.

இருமல் மருந்து அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

உங்கள்
தியோடோசியா


டிராய், நியூயார்க்
மார்ச் 7

அன்புள்ள டோசியாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் கோபம் குறைந்தபாடில்லை.

நிதானமாக யோசித்துப் பார். இதுவரை மருத்துவர்களுக்குக் கிடைத்த மூளையெல்லாம் யாருடையது? தூக்கில் போட்டவர்களுடையது, கேட்பாரற்றுச் செத்தவர்களுடையது. படித்தவன் மூளை எப்படி இருக்கும், எவ்வளவு கனக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பாரிஸில் பெரிய பெரிய அறிஞர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். உடற்கூறு பேராசிரியன் நான், சங்கத்துக்குத் தலைவனும் நான். தலைவனே விலகினால் என்ன ஆகும்? "ரென்விக் பொண்டாட்டிக்குப் பயந்துட்டாரு" என்று கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிற விட்பெக் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அந்த மனுஷரைப் பற்றி உனக்குத் தெரியாதா?

வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். சமையல்காரி ஹனோரா நாலு நாளாக அவரைப் பயறும் ரொட்டியும்தான் போடுகிறாள். கறி எங்கே என்று கேட்டேன். "உங்க முன்னாடி கறி வைக்கவே பயமா இருக்குங்க. நீங்க அதை நிறுத்துப் பாப்பீங்க. அம்மா வரட்டும்" என்கிறாள். நீ வந்தால்தான் எனக்கு மரியாதையும் சோறும் கிடைக்கும் போலிருக்கிறது.

உன்
ஆல்பியஸ்


ஷெல்பர்ன்
மார்ச் 11

மூளைச் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு எழுதியவர் நீதிபதியின் மூளை எடையை மட்டும் எழுதவில்லை. ஏரியில் ஒரு மீன் பிடித்துவிட்டு வந்தாலும் அவுன்ஸ் கணக்கில் சொல்கிறவர் நீங்கள். ஏதோ இருக்கிறது.

இன்னொன்று. நானும் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் போட்டு ஒரு படிவம் தயார் செய்யுங்கள். நம் இருவருடையதும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்துச் சீசாவில் இருக்கட்டும். ஒப்படைக்க வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களுக்கு மனம் வருகிறதா என்று பார்க்கிறேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் மூளைன்னு ஒண்ணு இருந்தா ஏன்டி இப்படிக் கடுதாசி எழுதிட்டு இருக்கீங்க" என்கிறாள்.

தியோடோசியா ரென்விக்


டிராய்
மார்ச் 16

அன்புள்ள டோசியாவுக்கு,

நீ கேட்ட படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட முடியவில்லை. சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அது பொய்யும் அல்ல. ஆனால் காரணம் அது இல்லை. உன் தலையில் யாராவது கைவைப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. முப்பத்தாறு வருஷம் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவன் இதை எழுதுகிறேன்.

நீ சந்தேகப்பட்டது சரி. நீதிபதியுடையது நாற்பத்து மூன்று அவுன்ஸ்தான் இருந்தது. சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடமாகச் சொன்ன மனுஷர். சாதாரண ஆளுக்கே நாற்பத்தொன்பது இருக்கும். சமையலறைத் தராசு சரியில்லை என்று எல்லோரும் சேர்ந்து பேசிக்கொண்டோம். லவீனியா காதில் அது விழுந்துவிட்டது. "என் தராசு பொய் சொல்லாது, டாக்டர். சொல்லியிருந்தா இத்தனை வருஷம் என் கேக் எழும்பியிருக்காது" என்றாள். கல்லூரித் தராசில் மறுபடி நிறுத்தோம். அரை அவுன்ஸ் இன்னும் குறைந்தது.

அதே வாரம் கல்லூரியில் கணப்பு மூட்டுகிற டூலி காய்ச்சலில் போய்விட்டான். தன்னுடையதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அவனாகவே கேட்டு, கையெழுத்துப் போடத் தெரியாததால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்திருந்தான். ஐம்பத்தாறு அவுன்ஸ். அன்றிலிருந்து சங்கத்தில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை.

உன்னிடம் சொல்வதற்கு என்ன. நீதிபதியும் நானும் ஒரே அளவு தொப்பி போடுகிறவர்கள். போன வருஷம் இருவரும் தொப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டு போய் ஒரு வாரம் இருவருக்குமே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, டோசியா. நான் போன பிறகு விட்பெக் என் மூளையின் எடையைச் சத்தமாக வாசிப்பது இப்போதே காதில் கேட்கிறது. இப்போது விலகினால் எடைக்குப் பயந்து விலகினான் என்பார்கள். விலகாவிட்டால் நீ வரமாட்டாய். என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்
ஆல்பியஸ்


ஷெல்பர்ன்
மார்ச் 20

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அக்கா ஓடிவந்து பார்க்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது நீங்கள் பார்த்த பிள்ளைகளின் பெயர் இன்றைக்கும் உங்களுக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. பிழைத்தவர்கள் பெயரும் தெரியும், போனவர்கள் பெயரும் தெரியும். நம் கல்யாண நாள்தான் மறந்துபோகும். இதையெல்லாம் எந்தத் தராசில் வைப்பீர்கள்? டூலியும் அப்படித்தான். காலையில் சாப்பிடாமல் வந்த மாணவன் யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, கணப்பில் உருளைக்கிழங்கு சுட்டுக் கொடுத்த மனிதர். அவன் இவன் என்று எழுதாதீர்கள்.

விலகுவதற்குக் காரணம் வேண்டும், அவ்வளவுதானே. என்னைச் சொல்லுங்கள். இத்துடன் தனித்தாளில் கோபமாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாக வாசியுங்கள். பெண்டாட்டி பிடிவாதக்காரி என்று பெருமூச்சு விடுங்கள், உங்களுக்கு நன்றாக வரும். எனக்கு ஊரில் ஏற்கெனவே அந்தப் பெயர்தான். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் மானம் போனால்தான் என்னால் தாங்க முடியாது.

உங்கள்
டோசியா


டிராய்
மார்ச் 27

அன்புள்ள டோசியாவுக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. கொஞ்ச நாளாக யாரும் தொப்பியைக் கழற்றி மாட்டுவதில்லை. அளவு தெரிந்துவிடுமாம். ஆறு பேரும் தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து உன் கடிதத்தை வாசித்தேன். பெருமூச்சும் விட்டேன்.

 பிறகு விட்பெக் தொண்டையைச் செருமினார். "தலைவர் தப்பா நினைக்கக் கூடாது. என் வீட்டிலயும் ஒண்ணு கொடுத்திருக்காங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக எடுத்தார்கள். லாதம் பிரம்மச்சாரி, அவர் என்ன செய்வார் என்று பார்த்தேன். எண்பத்து நாலு வயது அம்மாவிடமிருந்து வாங்கி வந்திருந்தார். "உன் தலையை நான்தான் பெத்தேன். கொடுக்கிறதா வேண்டாமான்னு நான் சொல்லணும்" என்று எழுதியிருந்தது.

சங்கத்தைக் கலைத்தாயிற்று. பத்திரங்களை எரிக்கலாம் என்றால் கணப்பு மூட்ட ஆளில்லை. ஆறு படித்தவர்கள் சேர்ந்து அரை மணி நேரம் ஊதினோம். அறை முழுக்கப் புகைதான் மிச்சம். கடைசியில் ஹனோராவை வரவழைத்தோம். சீசாவில் இருந்த நீதிபதியைக் கல்லறையில் அவர் இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். டூலியையும்தான். அவருக்காக எல்லோரும் தலைகுனிந்து நின்றோம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனைவி கணவனுக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள்? எல்லாக் கடிதத்திலும் மார்ச் 23 என்றே தேதி போட்டிருந்தது. உண்மையைச் சொல், அந்த ஐந்து வீட்டுக்கும் நீ எழுதினாயா?

எப்போது வருகிறாய்?

உன்
ஆல்பியஸ்


ஷெல்பர்ன்
மார்ச் 30

என் அன்பு ஆல்பியஸுக்கு,

வியாழக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பாமல் நீங்களே வாருங்கள். உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அக்கா ஒரு டப்பா மேப்பிள் பாகு கொடுத்திருக்கிறாள், ஹனோராவிடம் கறி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்து வீட்டுக்கும் எழுதினாயா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வீட்டுக்குத்தான் எழுதினேன். லாதமின் அம்மாதான் முதலில் எனக்கு எழுதினார். யோசனையே அவருடையதுதான்.

உங்கள்
டோசியா