துரை வீட்டுச் சாவியோடு நின்ற அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

"அன்புள்ள" என்று எழுதவே கை கூசுகிறது. இத்தனை வருஷத்தில் உங்களை நான் அப்படி நினைத்ததே இல்லை.

இங்கே சம்பா அறுப்பு. மழையில் பயிர் சாய்ந்து, மிஷின் வயலில் இறங்க முடியாமல் ரோட்டில் நிற்கிறது. நான் அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் தஞ்சாவூரிலிருந்து ஒரு கார் வந்தது. இறங்கியது வெள்ளைக்கார அம்மாள், உங்கள் துரையின் மகள் ஹெலன். துரை போன வருஷம் செத்துப்போனாராம். கூட வந்த பெண்தான் தமிழில் எடுத்துச் சொன்னாள்.

துரையை நான் போட்டோவில் பார்த்ததுதான். மெட்ராஸில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் சின்ன அதிகாரியாக இருந்தவர், உங்கள் கைச் சமையலில் மயங்கி, மாற்றலான ஊருக்கெல்லாம் உங்களையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ரங்கூன், பிறகு ஆப்பிரிக்காவில் ஒரு ஊர். அங்கே சண்டை மூண்டதோடு உங்கள் கடிதாசி நின்றது. அம்மாவின் தம்பி அலையாய் அலைந்து துரையிடமே கேட்டு வாங்கிய பதில், நீங்கள் வேலையை விட்டு ஓடிவிட்டீர்கள் என்பது.

அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. "அங்கயே ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டான்." நானும் நம்பினேன். என் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பேர் வரக்கூடாது என்று அடம்பிடித்தேன். அம்மா கேட்கவில்லை, போட்டாள்.

ஹெலன் சொன்னது இதுதான். வெள்ளைக்காரர்களை விமானத்தில் ஏற்றியபோது துரை உங்களிடம் சாவியைக் கொடுத்து, கொஞ்ச நாள்தான், வீட்டைப் பார்த்துக்கொள் என்றாராம். துப்பாக்கியோடு ஒரு கும்பல் வந்திருக்கிறது. கேட்டைத் திறக்க மாட்டேன் என்று நின்றீர்களாம். அங்கேயே சுட்டுவிட்டார்கள்.

எதற்கு அப்பா? அந்த வீட்டில் நம்முடையது என்ன இருந்தது?

நீங்கள் செத்தது துரைக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நீங்கள் தூதரக ஆள் இல்லையாம், அவருடைய சொந்தச் சமையல்காரராம். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. நம்பிய ஆளைச் சாகவிட்டு வந்தார் என்ற பேர் வேண்டாமென்று, ஓடிவிட்டதாகச் சொல்லிவிட்டார். அப்புறம் இரண்டு நாட்டில் தூதராக இருந்தார், சர் பட்டம் வாங்கினார், பேரன் பேத்தி எடுத்தார். சாகக் கிடந்தபோதுதான் மகளிடம் வாயைத் திறந்தாராம். நல்ல மனுஷன்!

ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

அம்மா இன்றைக்கும் குளித்ததும் குங்குமம் வைக்கிறாள். "எங்கயாவது நல்லா இருந்தா சரி" என்பாள். நான் சொன்னால் அவளுக்கு நீங்கள் இன்றைக்குச் செத்துப்போவீர்கள். சொல்லாவிட்டால் ஓடிப்போனவராகவே இருப்பீர்கள். என்ன செய்வதென்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

கார் போனதும், தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவே கேட்டாள். "அந்தம்மா ஏன்டி அழுதுச்சு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முடிக்கும்வரை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அப்ப உங்கப்பா என்னை விட்டுட்டுப் போகலைல்ல?"

"இல்லம்மா."

"ஊர்ல போய்ச் சொல்லு. ஒரு வீடு விடாம சொல்லு."

சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிற அமாவாசைக்கு ஆற்றங்கரையில் உங்களுக்குக் காரியம். உடம்பு இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்வார்களாம். அம்மாவின் குங்குமத்தை எடுக்கவேண்டும் என்று சொந்தக்காரர்கள் இப்போதே கூடிப் பேசுகிறார்கள். ஒரு கையும் அவள் நெற்றிப் பக்கம் வராது. அது என் பொறுப்பு.

கருமாதிப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன், அப்பா. உங்கள் பேரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது இந்தத் தடவை நான்தான்.

உங்களைத் திட்டியே வளர்ந்த உங்கள் மகள்,
ராஜாத்தி